மினிவேனுக்குப் பின்னால் ஒரு பாய்மரப் படகு

படகு இழுக்க வேண்டுமென்றால் பெரிய பிக்கப் டிரக் வாங்கியாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும், வாராவாரம் மளிகை ஏற்றிவரும் எங்கள் டொயோட்டா சியன்னாதான், பதினைந்து அடிப் பாய்மரப் படகை மிச்சிகனிலிருந்து ஃபுளோரிடா கீஸ் தீவுகள்வரை இழுத்துக்கொண்டு போனது. ஏறத்தாழ 1,500 மைல். அவ்வளவு தூரமும் சுகமான ஓட்டம்!

மிச்சிகனில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பதினோராயிரத்துக்கு மேல் ஏரிகள் உள்ள மாநிலம்தான். ஆனால் பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை விடும்போது அந்த ஏரிகளில் கைவைக்க முடியாது, அவ்வளவு குளிர். வடக்கில் பல ஏரிகளில் பனிக்கட்டியே உருகியிருக்காது. அதே வாரத்தில் ஃபுளோரிடாவின் தென்கோடியில் குழந்தைகள் கடலில் குதித்து விளையாடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பெரும்பகுதித் தூரம் ஐ-75 என்ற ஒரே நெடுஞ்சாலைதான். கராஜில் போர்வைக்குள் தூங்கும் படகை எழுப்பிக் கூட்டிப்போக வேண்டியதுதானே?

எடைக் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே ஆசை வந்துவிடும். 2021-க்கு முந்தைய மாடலான எங்கள் சியன்னா 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ இழுக்கலாம். எங்கள் வெஸ்ட் வைட் பாட்டர் படகில் இரண்டு பேர் படுக்கக் குட்டிக் கேபின்கூட உண்டு. ஆனாலும் எடை 500 பவுண்டுக்குள்தான். டிரெய்லர், சின்ன அவுட்போர்டு மோட்டார், நங்கூரம், பாய் எல்லாம் சேர்த்தும் ஆயிரம் பவுண்டைத் தொடவில்லை. வண்டிக்கு இதெல்லாம் ஒரு பாரமா? பாய்மரத்தைச் சாய்த்துப் படகின் மேலேயே நீளவாக்கில் கட்டிவிடலாம். படகு தாழ்வாக, ஒடுக்கமாக வேனின் நிழலுக்குள்ளேயே வருவதால் எதிர்க்காற்று அதை அதிகம் தொடுவதில்லை. பெட்ரோல் செலவும் பயந்த அளவுக்கு ஏறவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், எடையை எங்கே வைக்கிறோம் என்பது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னால் கொக்கியின் மீது இறங்க வேண்டும். அது குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அதனால் மோட்டாரைப் படகின் பின்புறத்திலிருந்து கழற்றி, அச்சுக்கு முன்னால் கேபினுக்குள் படுக்க வைத்தேன். வேனின் பின்சக்கரச் சுருள்வில்களுக்குள் காற்றுப் பைகள் போட்டேன். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியும் பின்பக்கம் தாழவே இல்லை. பிறகென்ன, தாய்ப்பசுவின் பின்னால் வரும் கன்று மாதிரி படகு வந்துகொண்டே இருந்தது. கென்டக்கியும் டென்னசியும் சந்திக்கும் ஜெலிகோ மலை இறக்கத்தில்கூட, கியரைக் குறைத்து நிதானமாக விட்டால் பிரேக்குக்கு வேலையே இல்லை.

டிரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் போகச் செய்யப்பட்டவை அல்ல. நான் அதற்கும் கீழேயே ஓட்டினேன். அந்த வேகத்தில்தான் அமெரிக்காவைப் பார்க்கவே முடிகிறது! பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் டிரெய்லர் சக்கரங்களின் நடுவே கைவைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு என்றால் பேரிங் நலம்; கைவைக்க முடியாதபடி சுட்டால் கிரீஸ் போயிற்று என்று பொருள். சின்ன மகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. "அப்பா, இந்தப் பக்கம் ஓகே!" என்று கத்துவாள். ஜார்ஜியாவில் ஒரு பெரியவர் தன் டிரக்கிலிருந்து இறங்கி வந்து, "இந்த வேனா இதை இழுத்துவருது?" என்று கேட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டிரெய்லர் மாட்டினால் அறியாதவரெல்லாம் உறவாகிவிடுகிறார்கள். என் மனைவி அவருக்குப் புளியோதரை கொடுத்தாள், ருசித்துச் சாப்பிட்டார்.

அப்புறம் கீஸ். 1912-இல் ஹென்றி ஃபிளாக்லர் கடலின் மேல் கீ வெஸ்ட் வரை ரயில் பாதை போட்டு முடித்தார். 1935 புயல் அதைச் சிதைத்தது. அந்தத் தடத்திலேயே 1938-இல் சாலை வந்தது. இன்று நாம் போகும் செவன் மைல் பாலம் 1982-இல் திறந்தது. இரண்டு பக்கமும் பச்சையும் நீலமுமாகக் கடல், பின்கண்ணாடியில் நம் படகின் வெள்ளை மூக்கு. இதற்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓட்டலாம் ஐயா!

பாலம் தாண்டியதும் பாஹியா ஹோண்டா மாநிலப் பூங்கா. படகு இறக்கும் சரிவு அங்கேயே இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடியில் கைவைத்துக்கொள்ளுங்கள். கை போகும் பக்கம் டிரெய்லர் போகும், அவ்வளவுதான். மெதுவாக இறக்கி, விஞ்ச் வாரைத் தளர்த்தினால் படகு தானாக மிதந்துவிடுகிறது. படகின் அடியில் இறங்கும் பலகையைத் தூக்கிவிட்டால் ஒரு முழத் தண்ணீர் போதும். பெரிய படகுகள் நெருங்க முடியாத கடற்புல் திட்டுகளின் மேல், தரை தெரியத் தெரிய, பாயை விரித்துப் போனோம். பழைய ரயில் பாலம் நடுவே ஒரு துண்டில்லாமல் நிற்கிறதே, அதைத் தண்ணீரிலிருந்து பார்க்கும் பாக்கியம் காரில் வந்தவர்க்கு ஏது?

அடுத்து, கோடையில் வடக்கே. 1957-இல் திறந்த மெக்கினா பாலத்தைக் கடந்து, சுப்பீரியர் ஏரியில் அப்போசல் தீவுகளுக்கு. அங்கே அலை குடைந்த குகைகளை மூத்த மகன் வரைபடத்தில் குறித்துவைத்துவிட்டான். டிரெய்லருக்குப் புது கிரீஸ் அடைத்தாயிற்று.