வளைவும் சைலென்சரும்: ஒரு நூலும் ஒரு தவறான நம்பிக்கையும்

புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை இருக்கிறது. மாலையில் ஷிப்ட் விடும் நேரத்தில் அங்கே சாலையோரம் நின்றால், கண்ணை மூடிக்கொண்டே எந்த வண்டி எவ்வளவு தூரத்தில் போகிறது என்று சொல்லிவிடலாம். சில மோட்டார் சைக்கிள்களின் சைலென்சர் அப்படி அலறுகிறது. அந்த அலறல்களில் ஒன்று என் அண்ணன் மகனுடையது. ஆலையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளங்களைச் சேர்த்துப் பழைய 150 சி.சி. வண்டி ஒன்றை வாங்கினான். வாங்கிய மறுவாரமே சைலென்சரின் உள்தட்டுகளை அறுத்து எடுக்கச் செய்தான்.

“சத்தம் இருந்தாத்தான் சித்தப்பா இழுவை இருக்கும். எதிர்ல வர்றவனும் விலகிக்குவான்” என்றான்.

மூன்றாம் வாரம் ஓர் இடப்பக்க வளைவில் வண்டி அகலமாகப் போய், எதிர்த்தடத்தைக் கடந்து, மதகுச் சுவரில் மோதிற்று. எதிரே வண்டி ஏதும் வராததால் காரை எலும்பு முறிந்ததோடு தப்பினான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் இப்போது வளைவைக் கண்டாலே அவன் கைகள் விறைத்துக்கொள்கின்றன. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44.5 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். எனவே இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று.

அவனுக்காகத்தான் கீத் கோடு என்னும் அமெரிக்கர் எழுதிய இரு நூல்களையும் மீண்டும் எடுத்துப் படித்தேன். ‘எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்’ என்ற முதல் நூல் 1983இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1993இல் வந்தது. பெயரின் பொருள் ‘மணிக்கட்டின் ஒரு திருப்பு’. இவர் 1980இல் கலிபோர்னியாவில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். பின்னர் உலகச் சாம்பியன் ஆன வெய்ன் ரெய்னி இவரிடம் பயின்றவர். தமிழ் வழியில் படித்த இளைஞன் கையில் இந்த ஆங்கில நூல்களை அப்படியே கொடுத்துவிட முடியாது. ஆகையால் அவற்றில் கொள்ள வேண்டியது எது, தள்ள வேண்டியது எது என்று இங்கே ஆராய்வோம்.

அச்சத்துக்கு ஒரு பட்டியல்

கோடின் பெரிய சாதனை, அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்காமல் அதைப் பகுத்துக் காட்டியது. ஆபத்து என்று மனம் உணர்ந்தவுடன் உடல் தானாகச் செய்யும் ஏழு செயல்களை இரண்டாம் நூலில் அவர் வரிசைப்படுத்துகிறார். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடுவது, கைப்பிடியை இறுகப் பற்றுவது, பார்வை குறுகி அலைவது, ஒரே பொருளில் கவனம் ஒட்டிக்கொள்வது, அந்தப் பொருளை நோக்கியே வண்டியைச் செலுத்துவது, திருப்ப முடியாமல் உறைந்துபோவது, பிரேக்கைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகியவை அவை. தரையில் நிற்பவனைக் காக்கும் இந்த அனிச்சைகள், சாய்ந்து ஓடும் வண்டியின் மேல் இருப்பவனை வீழ்த்திவிடுகின்றன.

இந்தப் பட்டியலை என் அண்ணன் மகனிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏழுமே செஞ்சிருக்கேன்” என்றான். மதகைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், வண்டி மதகுக்கே போயிற்று. தன் தவறுக்குப் பெயர் தெரிந்தவுடன் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் கண்டேன். ஒரு நூலுக்கு இதைவிட நல்ல சான்று வேறு வேண்டுமா?

முதல் நூலில் வரும் உவமையும் சிறந்தது. நம் கவனம் பத்து டாலர் நோட்டைப் போன்றது என்கிறார் கோடு. ஒன்றில் ஐந்தைச் செலவழித்தால் மற்றவற்றுக்கு ஐந்துதான் மிஞ்சும். புதிதாக ஓட்டுபவன் கியருக்கும் கிளட்ச்சுக்குமே ஏழெட்டைச் செலவிட்டுவிடுகிறான். வளைவுக்கு மிஞ்சுவது சில்லறைதான்.

எட்டுப் போட்டால் போதுமா?

நம் ஊரில் லைசென்ஸ் வாங்க ‘எட்டு’ போட வேண்டும். நடைவேகத்தில் போடும் எட்டில், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கைப்பிடியைத் திருப்புகிறோம். வேகம் கூடிய பின் நிலைமை மாறுகிறது. இடப்புறம் திரும்ப, இடக்கைப் பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். முன்சக்கரம் கணநேரம் வலப்புறம் நகரும். வண்டி இடப்புறம் சாயும். அதன் பின்னரே வளையும். சைக்கிளில் நாம் அறியாமலே இதைச் செய்கிறோம். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுபவர்களிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்து, யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

கோடு இதைத் தெளிவாக விளக்குகிறார். உடலைச் சாய்த்தாலே வண்டி திரும்பும் என்பவர்களுக்காகப் பிற்காலத்தில் ஒரு வேடிக்கையான வண்டியையும் அமைத்தார். அதில் சட்டத்தோடு அசையாமல் பொருத்திய இரண்டாவது கைப்பிடி ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சாய்ந்தாலும் வண்டியை நினைத்தபடி திருப்ப முடிவதில்லை.

எவ்வளவு சாய வேண்டும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சாய்வு சுமார் 23 பாகை. 50 கிலோமீட்டரில் அது 33 பாகை. 60இல் 43 பாகை. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப பக்கவிசை கூடுவதால், பத்து கிலோமீட்டர் என்று நாம் அலட்சியமாக நினைப்பது டயருக்கு அலட்சியமான செய்தி அன்று.

நூல் தவறும் இடங்கள்

இனிக் குறைகளைக் காண்போம். முதலாவது, இவை பந்தயப் பாதையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட சென்னைப் பந்தயப் பாதையில் எதிர்த்திசை வண்டி வராது. சேதராப்பட்டுச் சாலையிலோ மணல் லாரி சிந்திய மணல் இருக்கும், மாடு இருக்கும், வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்கும் டிராக்டரும் இருக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல சாலையில்கூட, ஆபத்தை உணர ஒரு வினாடி, பிறகு பிரேக் என்று கணக்கிட்டால் நிற்பதற்குள் ஏறக்குறைய 30 மீட்டர் ஓடிவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே நம் சாலைக்கு உரிய வேகம். இந்த விதியே நமக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வளைவில் எடையை முன்சக்கரத்துக்கு நாற்பது, பின்சக்கரத்துக்கு அறுபது என்ற விகிதத்தில் வைக்க வேண்டும் என்று கோடு கணக்குச் சொல்கிறார். அகன்ற பின் டயர் கொண்ட பந்தய வண்டிகளின் டயர் அளவிலிருந்து பிறந்த கணக்கு அது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அகல டயர் உள்ள நமது 100 சி.சி. வண்டிக்கு, அதிலும் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும்போது, அந்த எண் பொருந்தாது.

ஆனால் எண் பொருந்தாவிட்டாலும் கருத்து பொருந்துகிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வண்டி சாய்ந்து பாதையில் அமைந்த பின் ஆக்ஸிலேட்டரைச் சிறிதே திறந்து, சீராக, இடைவிடாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் மூடினால் எடை முன்னால் சரிகிறது, முன் டயர் திணறுகிறது, வண்டி நிலைகுலைகிறது. இந்த ஒரு பாடத்துக்காகவே நூலை வரவேற்கலாம்.

சைலென்சர் எங்கே நுழைகிறது?

மூன்றாவது குறையை இடைவெளி என்பதே பொருத்தம். நூலின் அக்கறை ஓட்டுபவர் மேல்தான்; சைலென்சரை அறுத்த வண்டி அதன் பொருளன்று. நமக்கோ அதுதான் பொருள். ஆக்ஸிலேட்டரைச் சீராகக் கூட்டு என்று சொன்னால் போதுமா? எஞ்சின் சீராகக் கேட்க வேண்டாமா?

புகைக்குழாய் வெறும் சாக்கடை அன்று. ஒவ்வொரு வெடிப்பின்போதும் ஓர் அழுத்த அலை, சூடான வாயுவில் வினாடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது எதிரொலித்து, குறையழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. அந்த அலை வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தால் எஞ்சினைக் காலி செய்ய உதவும். நேரம் தவறினால் கெடுக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த வித்தையை 1950களில் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியிலும், சைலென்சரில் கை வைத்தவர்கள் ஒரு வேகத்தில் இழுவை கூடி இன்னொரு வேகத்தில் குறைந்ததைக் கண்டிருப்பார்கள். ‘தடை குறைந்தால் இழுவை கூடும்’ என்பது பாதி உண்மை. எந்த வேகத்தில் என்று கேட்டால்தான் முழு உண்மை வெளிப்படும்.

கார்புரேட்டர் உள்ள வண்டியில் உள்தட்டை எடுத்துவிட்டு ஜெட்டை அப்படியே விட்டால், பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது முழுமையான எரிதலுக்குரிய எடை விகிதம். கலவை அதைவிட மெலிந்தால், ஆக்ஸிலேட்டரைச் சிறிதே திறக்கும்போது எஞ்சின் முதலில் தயங்கும். பிறகு வெடுக்கென்று எகிறும். நேர்ச்சாலையில் இது சிறு தொல்லை. சாய்ந்திருக்கும் வளைவில் அது பின் டயருக்கு ஓர் உதை. அந்த உதையில் பயந்து கை மூடுகிறது. கோடின் பட்டியலில் முதல் அனிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் ஆக்ஸிஜன் உணர்வி கலவையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். அந்தத் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. குழாயோடு வினையூக்கி மாற்றியையும் எறிந்துவிட்டால், கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் பின்னால் வருபவர் மூக்குக்கே போகும்.

எதிரே வருபவன் விலகுவான் என்ற நம்பிக்கையும் நிற்காது. குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. கண்ணாடி ஏற்றிய லாரிக்காரருக்கு முன்னால் நீங்கள் வருவது காதில் விழும்போது, அநேகமாக நீங்கள் அவரைக் கடந்திருப்பீர்கள். நம் நாட்டில் 2005 முதல் புதிய வண்டிகளுக்கு விதித்த ஒலி வரம்பு, 80 முதல் 175 சி.சி. வரை 77 டெசிபல். மீறி ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு. புதுச்சேரி எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் போனாலும் இது மத்தியச் சட்டம், மாறாது. இவை எல்லாவற்றையும்விட, அந்த இரைச்சல் ஓட்டுபவன் கவனத்தில் பத்தில் மூன்றையாவது பறித்துக்கொள்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

செய்ய வேண்டியது

பழைய சைலென்சரை மீண்டும் பொருத்தினோம். குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கசிகிறதா என்று பார்த்தோம். ஆக்ஸிலேட்டர் கேபிளின் தளர்வையும் செயினையும் சரிசெய்தோம். வெளுத்திருந்த ஸ்பார்க் பிளக்கின் முனை, சில நாள் ஓட்டத்துக்குப் பின் இளம்பழுப்பு நிறத்துக்கு வந்தது. கலவை சரியாகிவிட்டதற்கு அது அடையாளம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், ஆள் நடமாட்டமில்லாத அகன்ற தெருவில், ஹெல்மெட்டோடு ஒரே வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னேன். பார்வை வளைவின் முடிவில்; முழங்கை தளர்வாக; வேகம் முன்பே குறைந்திருக்க வேண்டும்; ஆக்ஸிலேட்டர் பின்பு மெல்லத் திறக்க வேண்டும். பத்து முறை தடுமாறாமல் வந்தால் மட்டுமே ஐந்து கிலோமீட்டர் கூட்டலாம். தைரியம் வந்த பின் பயிற்சி என்று காத்திருந்தால் அது வராது. பயிற்சியின் கூலியாகத்தான் தைரியம் வரும்.

கோடின் நூல்களைப் பந்தய வீரனாக எண்ணிப் படித்தால் ஆபத்து. அச்சத்தை அறிய விரும்பும் மாணவனாகப் படித்தால் நன்மை. போன வாரம் அதே மதகு வளைவை என் அண்ணன் மகன் கடந்துபோனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வண்டியின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவன் தலை மதகின் பக்கம் திரும்பவும் இல்லை.