தி குரூசிபிள் நாடகத்தில் நற்பெயரும் கையொப்பமும்

'தி குரூசிபிள்' அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதிய நான்கு அங்க நாடகம். 1953 ஜனவரி 22 அன்று நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலத்தில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளே இதன் களம். அவ்வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் மார்பின் மேல் கற்கள் ஏற்றப்பட்டு இறந்தார். நாடகத்தின் தலைப்பு, உலோகத்தை உருக்கும் மூசையைக் குறிக்கும் சொல். இந்த மூசையில் இடப்படுவது மனிதர்களின் பெயர். ஒருவரை அழைக்கும் பெயரையும் ஊரில் அவருக்குள்ள மதிப்பையும் தமிழில் 'பெயர்' என்ற ஒரே சொல் சுட்டுகிறது. ஆங்கிலத்திலும் அவ்வாறே. இந்த இரட்டைப் பொருளின் மேல்தான் மில்லர் நாடகத்தைக் கட்டியுள்ளார்.

பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதக் கிறித்தவர்களின் ஊரில் நற்பெயர் என்பது வெறும் கௌரவம் அன்று. அங்கே பாவமும் குற்றமும் ஏறக்குறைய ஒன்றே; சபையும் அரசும் கைகோத்து நின்றன. ஞாயிறு வழிபாட்டுக்கு யார் வரவில்லை என்பதைக்கூட ஊர் கணக்கு வைத்திருந்தது. பெயர் கெட்டவரின் நிலமும் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். இந்த அச்சத்தை மில்லர் முதல் காட்சியிலேயே பாதிரியார் பாரிஸ் வழியாகக் காட்டிவிடுகிறார். மகள் பெட்டி அசைவற்றுக் கிடக்கிறாள். சிறுமிகள் இரவில் காட்டில் ஆடியதை அவரே பார்த்திருக்கிறார். மகள் பிழைப்பாளா என்ற கவலையோடு, அதைவிட ஒரு பங்கு மேலாகவே, தம் பதவி போய்விடுமோ என்ற கவலை அவரை அரிக்கிறது. வளர்ப்பில் உள்ள உறவுப்பெண் அபிகெயிலிடம் அவளுக்கு ஊரில் களங்கமற்ற பெயர் இருக்கிறதா என்று துருவிக் கேட்கிறார். அவள் சீறுகிறாள். தன்னை வேலையிலிருந்து நிறுத்திய எலிசபெத் பிராக்டரைப் பொய்க்காரி என்கிறாள். பின்னர் நடக்கும் அத்தனைக்கும் விதை இங்கே விழுந்துவிடுகிறது. தன் பெயரைக் காத்துக்கொள்ள மிக எளிய வழி, மற்றொருவரின் பெயரைச் சொல்லிவிடுவது.

முதலில் சொல்லப்படும் பெயர்கள் யாருடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். டிடூபா அடிமைப் பெண். சாரா குட் பிச்சையெடுத்து வாழ்பவள். இழப்பதற்கு நற்பெயர் என்று எதுவும் இல்லாதவர்கள். மிரட்டப்பட்டதும் டிடூபா எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். அவளைக் கோழை என்று எந்தப் பார்வையாளரும் நினைப்பதில்லை. நாடகத்தில் சாரா குட்டும் ஒப்புக்கொண்டு தப்புகிறாள். ஆனால் வரலாற்றில் சாரா குட் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1692 ஜூலை 19 அன்று ரெபேக்கா நர்சுடன் தூக்கிலிடப்பட்டாள். பெயருக்காக உயிர் விடும் மாண்பை மில்லர் நிலமும் மதிப்பும் உள்ளவர்களுக்கே ஒதுக்கிவிட்டாரோ என்ற ஐயம் இவ்விடத்தில் எழுவது இயல்பு. நாடகத்தின் குறைகளில் இது ஒன்று.

குற்றச்சாட்டு நல்லவர் எனப் பெயரெடுத்த ரெபேக்கா நர்சை எட்டும்போது ஊர் திடுக்கிடுகிறது. அவருடைய கணவர் 91 பேரிடம் நற்சான்றுக் கையொப்பம் வாங்கி நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார். இதற்குக் கிடைக்கும் பதில்தான் நாடகத்தின் மிகக் குரூரமான திருப்பம்: கையொப்பமிட்ட 91 பேரையும் விசாரணைக்குப் பிடித்துவர ஆணை பிறக்கிறது. அண்டை வீட்டாருக்கு நல்லவர் என்று எழுதிக்கொடுத்ததே குற்றமாகிறது. மறுபுறம், துணை ஆளுநர் டான்ஃபோர்த் தம் கையொப்பத்தால் எத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெருமையாகவே சொல்கிறார். பாதிரியார் ஹேலும் மரண ஆணைகளில் கையொப்பமிட்டவர்தான். ஆனால் அவர் கை நடுங்கத் தொடங்குகிறது. நாடகம் முழுவதும் தாள்களும் அவற்றில் எழுதப்படும் பெயர்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இறுதிக் காட்சியை மட்டும் தனியே எடுத்துப் படிப்பவர்கள் இந்தத் தொடர்ச்சியைத் தவறவிடுகிறார்கள்.

ஜான் பிராக்டரின் கதையிலும் பெயர் இருமுறை வேறுவேறு விதமாக வேலை செய்கிறது. அபிகெயிலுடன் தனக்கிருந்த தகாத உறவு வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் அவர் உண்மையைச் சொல்லத் தாமதிக்கிறார். அந்தத் தாமதத்தின் விலையை மனைவியின் கைது வழியாகக் கொடுக்க நேர்கிறது. மூன்றாம் அங்கத்தில் நீதிமன்றத்தில் நின்று தன் பாவத்தை உரக்கச் சொல்லி, தன் பெயரைத் தானே எறிந்துவிடுகிறார். என் மனைவி பொய் சொல்லவே மாட்டாள் என்று உறுதியும் கூறுகிறார். எலிசபெத் அழைத்துவரப்படுகிறார். கணவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் முதன்முறையாகப் பொய் சொல்கிறார், கணவரின் பெயரைக் காப்பாற்ற. அந்த அன்பான பொய்யே கணவரைப் பொய்யராக்கி, அபிகெயிலை மெய்யளாக்கிவிடுகிறது. நற்பெயரைக் காக்கும் பழக்கம் ஒரு நல்ல பெண்ணின் கையிலும் எவ்வாறு கொலைக்கருவி ஆகும் என்பதை இதைவிடக் கூர்மையாக மேடையில் காட்டுவது கடினம்.

நான்காம் அங்கத்தில் டான்ஃபோர்த்தின் நிலையும் பாரிஸின் நிலையும் ஒன்றாகிவிடுகின்றன. அபிகெயில் பாரிஸின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். ஊரில் முணுமுணுப்பு கிளம்பியிருக்கிறது. ஆனாலும் தண்டனையை ஒத்திவைக்க டான்ஃபோர்த் மறுக்கிறார். பன்னிரண்டு பேர் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டனர். இப்போது நிறுத்தினால் அந்தப் பன்னிரண்டும் தவறு என்றாகும். நீதிமன்றத்தின் பெயர் காக்கப்பட மேலும் சிலர் சாக வேண்டும். அதற்கு மாற்றாக, ஊர் மதிக்கும் பிராக்டரின் ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்தாலும் போதும். அவருடைய நற்பெயரை நீதிமன்றம் கடன் கேட்கிறது எனலாம்.

பிராக்டர் உயிர் பிழைக்கப் பொய்யாக ஒப்புக்கொள்கிறார். கையொப்பமும் இடுகிறார். மற்றவர்களின் பெயர்களை மட்டும் சொல்ல மறுக்கிறார். அந்தத் தாள் தேவாலயக் கதவில் ஒட்டப்படும் என்று தெரிந்ததும் அதைக் கொடுக்க முடியாமல் பற்றிக்கொள்கிறார், கடைசியில் கிழிக்கிறார். பிராக்டர் ஊரில் தன் மதிப்பைக் காக்கவே உயிர் விட்டார் என்று தேர்வு விடைகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நாடகம் அவ்வாறு சொல்லவில்லை. ஊர் மதிப்பை அவர் மூன்றாம் அங்கத்திலேயே இழந்துவிட்டார். தகாத உறவு கொண்டவர் என்பது நீதிமன்றம் அறிந்த செய்தி. அவரிடம் எஞ்சியிருப்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்லக்கூடிய, தானே எழுதும் பெயர் மட்டுமே. அது ரெபேக்கா போன்றவர்களுக்கு எதிரான சாட்சியாகச் சுவரில் தொங்குவதை அவரால் தாங்க முடியவில்லை. பாரிஸ் காப்பது பிறர் தரும் பெயரை. பிராக்டர் காப்பது பிறரைக் கெடுக்கப் பயன்படாத பெயரை.

மில்லர் இதை எழுதிய காலத்தில் இக்கேள்வி ஏட்டளவில் இருக்கவில்லை. கம்யூனிசத் தொடர்புகளை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு, சாட்சிகளிடம் கேட்டது பெயர்களைத்தான். மில்லரின் முந்தைய நாடகங்களை இயக்கிய நண்பர் எலியா கசான் 1952 ஏப்ரலில் அக்குழுவின் முன் பழைய தோழர்களின் பெயர்களைக் கூறினார். நாடகத்தில் ஜைல்ஸ் கோரி தனக்குச் செய்தி சொன்னவரின் பெயரைத் தர மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காகக் கைதாகிறார். 1956-இல் அதே குழுவின் முன் நின்ற மில்லர், தன்னைப் பற்றிப் பேசினார், மற்றவர்களின் பெயரைத் தர மறுத்தார். 1957-இல் நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்ப்பானது; 1958-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தாயிற்று. ஜைல்ஸின் காட்சி எழுதப்பட்டது அதற்கு முன்பே.

வரலாற்றை மில்லர் வளைத்திருப்பதும் அறியத்தக்கது. உண்மையான பிராக்டருக்கு 1692-இல் அறுபது வயதளவு. அபிகெயில் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி. இருவருக்கும் இடையிலான உறவு முழுக்கக் கற்பனை. பிராக்டரின் பெயரைப் பற்றிய நாடகத்துக்கு அந்தப் பெயரில் ஒரு கறை தேவைப்பட்டது. அக்கறையின் சுமை பெரும்பாலும் ஒரு சிறுமியின் தலையில் ஏற்றப்பட்டது. பெண்ணிய வாசிப்புகள் இதைச் சுட்டுவது நியாயமே.

அச்சு நூலின் இறுதியில், பின்னாளில் நடந்தவற்றை மில்லர் ஒரு சிறு குறிப்பாகத் தருகிறார். ரெபேக்கா நர்சைச் சபையிலிருந்து நீக்கிய ஆணை 1712-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மாசசூசெட்ஸ் அரசு பலரின் தண்டனையை நீக்கி, குடும்பங்களுக்கு இழப்பீடும் அளித்தது. பிராக்டரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. எல்லாருடைய பெயரும் இருக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர், பள்ளி மாணவர்கள் எடுத்த முயற்சியால் 2022-இல்தான் நீக்கப்பட்டோர் வரிசையில் சேர்ந்தது.