‘என்ன தெரியுது?’ என்று முதலில் கேளுங்கள்

நவீன ஓவியத்தின் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘இதுக்கு என்னங்க அர்த்தம்?’ என்றுதான். கோவையில் கல்லூரி மாணவியான எனக்கு ஓவியம், சினிமா, புகைப்படம் என்று பார்த்தவற்றைப் பற்றி எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. எழுதி எழுதி ஒன்று தெளிவானது. அர்த்தத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு மனதுக்குள் என்ன நடந்தது என்று கவனியுங்கள். அப்படி நடக்கவைத்தது எது என்று படைப்புக்குள் தேடுங்கள். ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்பதோடு நின்றுவிட்டால் இந்தத் தேடலின் சுகம் கிடைக்காது.

அரூப ஓவியம் மிரட்டுகிறது என்றால் கே.எம். ஆதிமூலத்திடமிருந்து தொடங்குங்கள். 1938-ல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. கிட்டப் போனால் வெறும் கோடுகளின் நெரிசல். இரண்டடி பின்னால் வந்தால் அதுவே காந்தியின் தோள். பிந்தைய காலத்தில் அவர் உருவங்களை விட்டு நிறங்களுக்குள் போய்விட்டார். அந்த ஓவியங்களில் என் கண் முதலில் ஆளையும் மரத்தையும் தேடியது. கிடைக்கவில்லை என்றதும் எரிச்சல்தான் வந்தது. பிறகு, ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மழைக்கு முந்தைய பொள்ளாச்சி வானத்திடம் நாம் அர்த்தம் கேட்பதில்லையே. எரிச்சல் அடங்க நேரம் கொடுத்தால் போதும், நிறம் தானே வேலை செய்கிறது.

இதையெல்லாம் செல்போனில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வண்ணத்தின் தடிப்பும் படத்தின் உண்மையான அளவும் திரையில் தெரியாது. நேரில் ஓவியம் பார்க்க, கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான ‘சிட்ரா’வின் முதல் இயக்குநராக இருந்தவர் கஸ்தூரி சீனிவாசன். பஞ்சாலை ஊர் என்று மட்டுமே சொல்லப்படும் கோவையில் ஓவியத்துக்கென ஒரு கூடம் அவர் பெயரில் நிற்பதில் எனக்குத் தனிப் பெருமை. உள்ளே போனால் எல்லாப் படங்களையும் பார்த்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களை நிறுத்திய ஒன்றின் முன்னால் மட்டும் நில்லுங்கள்.

சினிமாவுக்கு வருவோம். பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையிலிருந்து தமிழ் என்ற இயக்குநர் எடுத்த ‘சேத்துமான்’, 2022-ல் இணையத்தில் வெளியானது. கொங்குக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம். பேரனைப் படிக்கவைக்கத் துடிக்கும் பூச்சியப்பன், பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணையார் வெள்ளையன், இருவருக்கும் நடுவில் பேசப்படாமல் நிற்கும் சாதி. 2017-ன் குடியரசுத் தலைவர் தேர்தல் பேச்சு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நாட்டின் உச்சப் பதவிக்கு ஒரு தலித் வருகிறார் என்ற செய்திக்குக் கீழே இந்த ஊர் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

எனக்கு நெருக்கமாகப் பட்டது படத்தின் பேச்சு. எங்கள் வீட்டில் புழங்கும் அதே வட்டார வழக்கு திரையில் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். அதே பேச்சு பூச்சியப்பனை அதட்டும்போது, அந்தச் சந்தோஷம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ‘நம்ம ஊருப் பேச்சு’ என்று நான் கொண்டாடுவதற்குள் அந்த அதட்டலும் சேர்ந்தே இருக்கிறது என்பதை ஒரு கட்டுரை எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவது முறை பார்க்கும்போது வசனத்தை விட்டுவிட்டு உடல்களைப் பாருங்கள்: யார் உட்கார்கிறார், யார் நிற்கிறார், இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம். இயக்குநர் சொல்ல வந்ததில் பாதி அங்கே இருக்கிறது.

புகைப்படத்தில் எனக்குக் கண் திறந்துவிட்டவர் என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. அது நடந்தது எம். பழனிகுமாரின் புகைப்படங்களைப் பார்த்தபோது. பழனிகுமார் மதுரைக்காரர், திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை அவர் தொடர்ந்து படமெடுத்திருக்கிறார். நான் அந்தப் படங்களில் தண்ணீரின் நீலத்தையும், ஒளி விழும் விதத்தையும் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். தேங்காய் உரித்தே காய்த்துப்போன கை அப்புச்சிக்கு. அவர் பார்த்ததும் சொன்னார்: “வெரல்ல துணி சுத்தியிருக்காங்க பாரு அம்மிணி. பாறை அறுக்குமாட்ட இருக்குது. இந்த வேல செஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தக் கைகள் தெரிந்தன. புகைப்படக்காரர் எவ்வளவு கிட்டப் போயிருக்கிறார், அந்தப் பெண்கள் அவரை எவ்வளவு நம்பியிருந்தால் அது முடிந்திருக்கும் என்ற கேள்விகளும் அதற்குப் பிறகுதான் வந்தன. ஒளியும் கோணமும் பாடத்தில் படித்துவிடலாம். வேலை செய்த கைக்கு இன்னொரு வேலை செய்யும் கையை அடையாளம் தெரிவது அப்படி வருவதில்லை. கலையை ரசிக்கப் படிப்பு வேண்டும் என்பவர்களோடு நான் இந்த இடத்தில் ஒத்துப்போக மாட்டேன்.

ஆகவே, அடுத்த முறை கண்காட்சிக்கோ, உக்கடத்தில் குடியிருப்புச் சுவர்களில் வரைந்திருக்கும் பெரிய ஓவியங்களைப் பார்க்கவோ போகும்போது, உங்கள் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் விளக்கம் சொல்வதற்கு முன்னால், என்ன தெரியுதுங்க என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.