மறைவொலிப்பதிவும் பாடற்பாடமும்

எழுதப்பட்ட பாடல் ஏட்டில் நிற்கும். பாடப்பட்ட பாடலோ காற்றில் நிகழ்ந்து மறையும். மறைவதை நிறுத்தி வைக்கும் கருவி ஒலிப்பதிவு. பாடுவோரின் இசைவுடன் செய்யப்படும் பதிவும் உண்டு. அவர் இசைவின்றி அவையோருள் ஒருவர் செய்துகொள்ளும் பதிவும் உண்டு. பின்னதை மேலைநாட்டார் ‘பூட்லெக்’ என்பர். நீண்ட காலணியின் தண்டினுள் மதுக்குப்பியை மறைத்துக் கடத்திய வழக்கினின்றும் பிறந்த பெயர் அது. பெயரிலேயே களவு பொருந்தியிருத்தலின், இத்தகைய பதிவைத் திறனாய்வாளர் சான்றாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் எழுகின்றது. பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் என்னும் அமெரிக்கப் பாடகர் இருவரின் தொடக்கக்கால மேடைப் பதிவுகளைக் கொண்டு இவ்வையத்தை ஈண்டு ஆராய்வாம்.

இருவர் வரலாறு

நியூயார்க்கு நகரின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்த இவ்விருவரும் 1957-இல் ‘டாம் அண்டு ஜெர்ரி’ என்னும் புனைபெயரில் இசைத்தட்டு ஒன்று வெளியிட்டனர். பின்னர் நாட்டுப்பாடல் மரபைத் தழுவித் தம் இயற்பெயரிலேயே 1964 மார்ச்சுத் திங்களில் பாடிப் பதிந்த முதல் தொகுப்பு, அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதனை வாங்குவார் அரியர். சைமன் இங்கிலாந்து சென்று ஆங்குள்ள நாட்டுப்பாடல் மன்றங்களில் தனித்துப் பாடினார். கார்ஃபங்கல் கல்வியைத் தொடர்ந்தார்.

அத்தொகுப்பில் ‘மௌனத்தின் ஓசை’ எனப் பொருள்படும் ‘தி சவுண்டு ஆஃப் சைலன்ஸ்’ என்னும் பாடலும் இருந்தது. 1965 சூன் 15 அன்று பதிப்பாளர் டாம் வில்சன், முன்னரே பதிந்திருந்த அப்பாடலின்மேல் மின்கித்தாரும் முழவும் பிறவும் சேர்த்துப் புதுவடிவம் ஆக்கினார். பாடிய இருவரையும் அவர் கேட்கவில்லை. 1966 சனவரியில் அவ்வடிவம் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. பிரிந்திருந்த இருவரும் மீண்டும் கூடினர். கல்லூரி அரங்குகள் அவர்களை அழைத்தன.

அவையில் ஒலித்த பாடம்

1966 முதல் 1968 வரையுள்ள அம்மேடைகளில் ஒலித்தவை ஒரு கித்தாரும் இரு குரல்களுமே. இசைத்தட்டில் கேட்ட முழவை எதிர்நோக்கி வந்தோர், முழவற்ற பாடலையே கேட்டனர். அவ்வரங்குகளினின்றும் இசைவின்றி எடுக்கப்பட்ட பதிவுகள் சேகரிப்போரிடையே கைம்மாறி வழங்கின. அவற்றுள் ஒன்றைக் கேட்குங்கால் நம் செவியில் முதற்கண் படுவன குறைகளே: நாடாவின் இரைச்சல், அவையோரின் இருமல், பாடல்களிடையே நரம்பு கூட்டும் ஒலி. அவற்றைக் கடந்து செவி ஊன்றுவார்க்குப் பாடலின் இயல்பு புலனாகும்.

‘மௌனத்தின் ஓசை’ மாந்தர் ஒருவர்க்கொருவர் சொல்லுவர், ஆயினும் உணர்த்தார். கேட்பர், ஆயினும் உணரார் என்னும் துயரைப் பொருளாகக் கொண்டது. அப்பொருளுக்குச் சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் இன்றியமையாதது. வில்சன் சேர்த்த முழவு அவ்வெற்றிடத்தைத் தாளத்தால் நிரப்புகின்றது. மேடையிலோ கித்தாரின் நரம்பொலி ஓய்ந்து அடங்குமிடம் தனித்துக் கேட்கின்றது. பாடலின் பொருளே அங்கு ஒலிவடிவம் எய்துகின்றது எனலாம். ‘தி டேங்லிங் கான்வர்சேஷன்’ என்னும் பாடலும் இத்தகையதே. தட்டில் வில்லிசைக் கருவிகள் பல சூழ வரும் அது, மேடையில் அவையின்றி நின்று, அன்பு வற்றிய இருவரின் உரையாடலை உள்ளவாறே காட்டுகின்றது.

களவு எது?

மறைவொலிப்பதிவு பாடுவோரின் இசைவின்றிச் செய்யப்பட்டது. ஆதலின் தள்ளத்தக்கது என்பர் ஒரு சாரார். அங்ஙனமாயின், 1965-இல் வெளிவந்த அதிகாரப்பூர்வமான தட்டும் பாடுவோரின் இசைவின்றியே மாற்றப்பட்டதன்றோ? சட்டம் நோக்க அது நிறுவனத்தின் உடைமை. ஆக்கியோன் உள்ளம் நோக்க அஃது இடைச்செருகல் உற்ற பாடம். களவில் எடுத்த பதிவோ பாடியவர் பாடியதற்கு ஒன்றும் கூட்டவில்லை. உரிமையுடைய படியே உண்மைப்படி என்னும் துணிபு ஈண்டு நிலைபெறாமை காண்க.

எனினும் இசைவின்மையைச் சிறு குற்றமெனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதியப்பெற்ற ஒலிக்குக் கூட்டரசின் பதிப்புரிமை இல்லாதிருந்தது. அவற்றுக்குக் கூட்டரசுக் காப்பு 2018-இல்தான் கிட்டியது. சட்டத்தில் இடைவெளி இருந்தமை அறத்தில் இடைவெளி ஆகாது. செம்மையுறாத பாட்டை வெளிவிடாது நிறுத்தும் உரிமை பாடுவோர்க்கு உண்டு. அவ்வுரிமையைக் களவுப்பதிவு பறிக்கின்றது. அதனை விற்றுப் பொருள் ஈட்டுதல் எவ்வாற்றானும் தகாது.

வில்சன் செயலையும் முற்றும் பழித்தல் முறையன்று. அவர் ஆக்கிய வடிவம் பரவாதிருப்பின் இருவரும் மீண்டும் கூடியிரார். அக்கல்லூரி மேடைகள் நிகழ்ந்திரா. நாம் போற்றும் முழவற்ற பாடமும் நமக்குக் கிட்டியிராது. திரிந்த பாடமே தூய பாடத்துக்கு அவை தேடித்தந்தது என்பதனை மறத்தலாகாது.

ஒப்புநோக்கு

மறைவொலிப்பதிவை அளந்தறிய நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1967 சனவரி 22 அன்று நியூயார்க்கு ஃபில்ஹார்மோனிக் அரங்கில் இருவரும் பாடிய நிகழ்ச்சி, முறையான பதிவாகவே 35 ஆண்டுகள் கழித்து 2002-இல் வெளியிடப்பெற்றது. அதிலும் கேட்பன ஒரு கித்தாரும் இரு குரல்களுமே. களவுப்பதிவுகள் காட்டிய இயல்பை இவ்வெளியீடு உறுதிப்படுத்துகின்றது.

அந்நிகழ்ச்சியில் பிறிதொரு செய்தியும் உண்டு. முதல் தொகுப்பின் பெயர்ப்பாடலாகிய ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ என்பதனைச் சைமன் விரைந்த தாளத்தில் வேறு சொற்களுடன் மாற்றியமைத்து, வேறு பெயரால் 1966-இல் வெளியிட்டிருந்தார். ஆயினும் 1967-இல் அவைமுன் பாடியது பழைய வடிவத்தையே. ஆக்கியோன் இறுதியாக வெளியிட்டதே அவன் இறுதியாக விரும்பியது என்னும் பதிப்பு நெறிக்கு இது விலக்காகும்.

முடிபு

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடங்காணும் பயிற்சி உடையார்க்கு இவ்வாய்வு புதிதன்று. சுவடி எவர் கைவழி வந்தது என வினவுவோம். ஆயினும் அதன் பாடத்தைத் தனியே எடைபோடுவோம். மறைவொலிப்பதிவுக்கும் அந்நெறியே ஏற்புடைத்து. நாடா ஓடும் விரைவு பிறழ்ந்தால் சுருதி பிறழும். படியினின்று படி எடுக்குந்தோறும் ஒலி தேயும். பதிந்தோன் அமர்ந்த இடத்திற்கேற்ப ஒரு குரல் ஓங்கி மற்றொன்று தாழும். இவற்றை எண்ணாது முடிவு கூறுவோர் இடறுவர்.

ஆதலின் மறைவொலிப்பதிவைப் பதிப்பு எனக் கொள்ளாது சான்று எனக் கொள்ளுதலே தக்கது. சான்று கூறுவோன் அழையாது வந்தவன் என்பதனால் அவன் கண்டது பொய்யாகிவிடாது. மெய் கூறினான் என்பதனால் அவன் நுழைந்த வழி நேராகிவிடவும் மாட்டாது. இவ்விரண்டனையும் ஒருசேர நினைவிற் கொண்டு கேட்போர்க்கே, தட்டு மறைத்த இரு குரல்களின் பழம்பாடம் பயன் தரும்.