பங்கு என்றொரு சொல்

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். சாலையில் வடக்கே போனால் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, மத்தியச் சிறை என்று காலாப்பட்டு நீண்டுகொண்டே போகும். அது ஓயும் இடத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், கனகசெட்டிக்குளம். கிழக்கே கடல், மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள், உலரும் வலைகள். இந்த மீனவ ஊரின் எல்லைக்குள்தான் பிம்ஸ் என்று எல்லோரும் சொல்லும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது. நடத்துவது மெட்ராஸ் மெடிக்கல் மிஷன். இதய அறுவைக்குப் பெயர் பெற்ற சென்னை முகப்பேர் மருத்துவமனையும் அதே மிஷனுடையதுதான். அதன் பின்னே இருப்பது கேரளத்தில் வேரூன்றிய மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபை.

அச்சபையின் வழிபாட்டு மொழி மலையாளமும் சுரியானியும். இந்தக் கரையில் பேசப்படுவது தமிழ். மீனவர் கும்பிடுவது தங்கள் குலதெய்வங்களையும் அம்மனையும். தன் மக்கள் அல்லாத ஓர் ஊரில் ஒரு சபை செய்யும் சேவையை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சபைகள் பொதுவாகத் தாங்கள் கொடுத்ததைச் சொல்லும்: இத்தனை படுக்கை, இத்தனை பள்ளி, இத்தனை முகாம். எனக்கு வேறொரு சொல் பிடித்திருக்கிறது. பங்கு.

தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபைக் குடும்பம். பங்குச் சாமியார், பங்கு மக்கள், பங்குத் திருவிழா என்பார்கள். கடற்கரையில் அதே சொல்லுக்கு இன்னொரு உயிர் உண்டு. படகு கரை ஏறியதும் மீன்பாட்டை விற்று வந்த பணம் பிரிக்கப்படும்: படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. படகும் வலையும் சொந்தமாக இல்லாதவனுக்கும் ஆள் பங்கு உண்டு. அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. அது அவன் உழைப்புக்கு வந்த உரிமை.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். அது பெரிது. நடு இரவில் நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவத்தில் சிக்கல், ஈ.சி.ஆர். விபத்து. இவற்றில் எது நேர்ந்தாலும் நகரத்துக்கு ஓடியாக வேண்டும் என்ற நிலையை இந்த மருத்துவமனை மாற்றியது. காலாப்பட்டுக் கரையோர ஊர்களோடு எல்லைக்கு அப்பால் கீழ்ப்புத்துப்பட்டில் முகாமில் வாழும் ஈழத்தமிழர்களுக்கும் மரக்காணம் பக்கத்து மக்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் சிறப்பு மருத்துவர்கள் கிடைத்தார்கள். தெற்கே ஜிப்மர் இருக்கிறது, ஏழைகளின் கடைசிப் புகலிடமாக. ஆனால் உயிர் ஊசலாடும்போது தூரமும் ஒரு நோய்தான். மதம் பார்த்துப் படுக்கை கொடுக்கும் வழக்கம் கிறிஸ்தவ மருத்துவமனைகளில் இல்லை என்பதையும் இந்த மண்ணில் யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

சேவையின் பேரில் மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கேதான் வலுவிழக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர் 6.29 விழுக்காடு. மூன்று நூற்றாண்டுகளாகக் கோயிலும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியும், பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் இருந்தும், இவ்வளவுதான். சேவை தூண்டில் என்றால் இத்தனை காலத்தில் சிக்கியது மிகக் குறைவு. சேவையைப் பெற்ற பெரும்பாலோர் சபைக்கு வெளியே இருந்தார்கள், வெளியேயே இருந்துவிட்டார்கள். இதைச் சபையின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. அதன் பெருமைகளில் ஒன்று இது.

கொடுப்பதோடு நில்லாமல் ஊராரையே சேவையில் சேர்த்துக்கொண்டதற்கு 1844 நல்ல சான்று. அந்த ஆண்டு ஆயர் கிளெமான் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய சங்கம், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. பெத்தி செமினேர் பள்ளி பிறந்தது அப்போதுதான். அதே ஆண்டில் லூயி சவினியன் துப்புயி என்ற பாரிஸ் மிஷன் குரு, தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகவே தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு துறவற சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று வீடுகள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முன்பே, 1827இல், குளூனி சபை மதர்மார் வந்துவிட்டார்கள். அவர்களுடைய மடத்தில் ஏழைப் பெண்களுக்குப் பூத்தையல் கற்றுக்கொடுத்துக் கூலி வேலை தரும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. துப்புயி செய்ததில் ஒரு நுட்பம் உண்டு. பிரெஞ்சுக் கன்னியர் வந்து கற்பிக்கட்டும் என்று அவர் விட்டிருக்கலாம். கற்பவளின் ஊர்க்காரியே கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். கொடை பங்காக மாறிய இடம் அது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. கனகசெட்டிக்குளத்து மருத்துவமனைக்குத் திரும்புகிறேன். அங்கே கணக்கு நுணுக்கமானது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 605 படுக்கைகள் வேண்டும். அவற்றில் 80 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும். படுக்கை காலியாக இருந்தால் கல்லூரியின் அங்கீகாரமே ஆட்டம் காணும். ஆகவே நாடெங்கும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஊர் ஊராக முகாம் நடத்துகின்றன, பேருந்து அனுப்புகின்றன, கட்டணத்தைக் குறைக்கின்றன. இதில் தவறில்லை. ஏழைக்கு மருத்துவம் கிடைக்கிறது, மாணவனுக்குப் பாடம் கிடைக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? வார்டில் படுத்திருக்கும் மீனவரின் வயிற்றைப் பத்து மாணவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார்கள். அவர் பத்து முறையும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அவர் உடம்புதான் பாடப்புத்தகம். அந்த மாணவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் கல்லூரி நடக்கிறது. புதுச்சேரித் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக் கட்டணம் லட்சங்களில்தான் தொடங்குகிறது. இந்த மீன்பாட்டில் அந்த மனிதரின் ஆள் பங்கு எங்கே? அவருக்குத் தரப்படுவதைத் தள்ளுபடி, இலவசம், கருணை என்கிறோம். அவர் தந்ததற்குப் பெயரே வைக்கவில்லை. கிறிஸ்தவ நிறுவனங்களின் சேவையில் நான் காணும் ஆழமான குறை இதுதான். அவை தாராளமாகக் கொடுக்கின்றன. தாங்கள் பெற்றுக்கொள்வதைக் கணக்கில் எழுத மறந்துவிடுகின்றன.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு வேலூர் சாட்சி. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த சி.எம்.சி.யில், எம்.பி.பி.எஸ். பயிற்சிக் கட்டணம் ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்பது நாடறிந்த செய்தி. வசதியுள்ள நோயாளி தரும் பணம் ஏழை நோயாளியையும் மாணவரையும் தாங்குகிறது. சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள் படித்து முடித்ததும் மருத்துவர் இல்லாத ஊர்களில் பணி செய்யக் கடமைப்பட்டவர்கள். அங்கும் குறை உண்டு. அந்தப் பரிந்துரை சபை வழியாகவே வருவதால், வேலூர்ப் பக்கத்துக் கே.வி.குப்பத்து ஏழை இந்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. நூறாண்டு நிறுவனத்தையும் இந்த நூற்றாண்டில் பிறந்ததையும் ஒரே கோலால் அளப்பது முழு நியாயமும் ஆகாது. வேலூருக்கு நெடுங்காலம் வெளிநாட்டுச் சபைகளின் தோள் இருந்தது. அரசு மானியமின்றிச் சம்பளம் கொடுத்துக் கட்டடம் கட்டும் நிர்வாகிகளின் நெருக்கடியும் பொய்யில்லை. ஆயினும் கட்டணத்தை எப்படி அமைப்பது என்பது ஒரு சபை தானாக எடுக்கும் முடிவு. விதி அதன் தலையில் எழுதியதல்ல என்பதை வேலூர் காட்டிவிட்டது.

பங்கு என்ற சொல் சபைக்குள்ளேயே தடுக்கி விழுந்த கதையும் புதுச்சேரிக்கு உண்டு. வெளியாருக்குச் செய்யும் சேவையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது. மிஷன் வீதியில் சம்பாக் கோயில் என்று இன்றும் சொல்லப்படும் ஜென்மராக்கினி மாதா கோயிலுக்குள், பறையர் கிறிஸ்தவரையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. 1745இல் ஒரு குரு அதை இடிக்கச் செய்தார். மற்றச் சாதியார் கொதித்தெழுந்தார்கள். ஆனந்தரங்கப்பிள்ளை தன் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறார். இருநூற்று அறுபது ஆண்டுக்குப் பிறகு, 2008 மார்ச்சில், இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித் கத்தோலிக்கர் கேட்டது பங்கு என்ற அந்தச் சொல்லைத்தான், அதன் இரண்டு பொருளிலும்.

இதற்கும் கடலோர மருத்துவமனைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அது வேறு சபை, உண்மைதான். ஆனால் சேவை என்பது ஊருக்குள் எந்த வழியாக நுழைகிறதோ அந்த வழியின் மேடுபள்ளத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதைக் கண்ணால் கண்டோம். சபை அமைப்புகள் அன்று ஓடிவந்த வேகத்தை மறக்க முடியாது. உணவு, துணி, படகு, பிறகு வீடு. கடற்கரையில் உதவி பெரும்பாலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளின் வழியே போயிற்று. ஒழுங்காகப் பிரித்துக்கொடுக்க அதைவிட நல்ல அமைப்பு வேறில்லை. ஆனால் மீன் சுமந்தும் உப்பளத்தில் கூலி செய்தும் அதே கடலை நம்பிப் பிழைத்த தலித் குடியிருப்புகள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. யாரிடம் கேட்டுக் கொடுப்பது என்ற கேள்வியை அவசரத்தில் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு நன்கொடை இன்னொரு சிக்கல். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிறிய ஊர்க் குழுக்கள் இதனால் நொடிந்தன. இதில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். தொலைவிலிருப்பவருக்கு அறிக்கை எழுதிப் பழகிய நிறுவனங்கள் இனிப் பக்கத்திலிருப்பவருக்குக் கணக்குச் சொல்லப் பழகலாம்.

அரசமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைக் காக்கச் சபைகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன, போக வேண்டியதும்தான். அதே உரிமையை வைத்துக்கொண்டு, எந்த அரசாணைக்கும் காத்திராமல் செய்யக்கூடியவை சில உண்டு. சபை நடத்தும் மருத்துவமனைகள், சென்ற ஆண்டில் எத்தனை பேருக்கு எவ்வளவு குறைத்தோம் என்பதை ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் தமிழில் எழுதி ஒட்டலாம். அந்த மருத்துவமனையை நிரப்பும் ஊர்களின் பெண் பிள்ளைகளுக்குச் செவிலியர் படிப்பில் சில இடங்களைக் கட்டணமின்றி, மதம் பாராமல், உரிமையாகவே ஒதுக்கலாம். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் மீனவ ஊரிலிருந்து ஒருவரும் தலித் குடியிருப்பிலிருந்து ஒருவரும் உட்காரலாம். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஏற்கெனவே இவற்றில் ஏதாவது செய்துவரும் நிறுவனங்கள் அதை ஊரறியச் செய்யட்டும். மற்றவை இந்த ஆண்டே தொடங்கட்டும். கனகசெட்டிக்குளத்து மக்களும் அதைத் தயக்கமின்றிக் கேட்கட்டும். அவர்கள் கேட்பது தங்கள் ஆள் பங்கை.