கல்லைக் குடைந்த வினை எது? எகிப்தியக் கற்கலங்களும் தமிழ்த் தொல்லியல் எழுத்தின் வினைச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் எழுதப்பெறும் தொல்லியல் கட்டுரைகள் பண்டைய கற்பொருள்களின் செய்முறையைப் பெரும்பாலும் ‘செதுக்கப்பட்டது’, ‘கடையப்பட்டது’ என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. பண்டைய எகிப்தியர் கற்கலம் செய்த முறையை உரைகல்லாகக் கொண்டு அச்சொற்களின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. சுத்துக்கேணி, அரிக்கமேடு, கொடுமணல் ஆகிய இடங்களின் கல்மணிகளைப் பற்றிய எழுத்துக்கு இதனால் நேரும் இழப்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கற்கலம், மாக்கல், துளைத்தல், குடைதல், கடைதல், சுத்துக்கேணி, அரிக்கமேடு.

முன்னுரை

புதுச்சேரியின் வில்லியனூர் வட்டத்தில் காட்டேரிக்குப்பத்தை அடுத்துள்ளது சுத்துக்கேணி. பிரெஞ்சு ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் ழான்-மரி கசால் இவ்வட்டாரத்தின் பெருங்கற்கால ஈமக்காடுகளை அகழ்ந்தார். வீராம்பட்டினம், முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களின் அகழாய்வு முடிவுகளைக் கசால் இணையர் 1956இல் பாரிசில் நூலாக்கினர். தாழிகள், ஈமப்பேழைகள், கல்மணிகள் என அந்நூல் தரும் பொருள்கள் தமிழ் ஆய்வாளர்க்குப் புதியன அல்ல. ஆனால் ஒரு மணியைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது என்ன? கல்லின் வகை, நிறம், வடிவம், எண்ணிக்கை. அதன் நடுவே ஊடுருவிச் செல்லும் துளையைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. இருந்தால் ‘துளையிடப்பட்டுள்ளது’ என்பதோடு முடிந்துவிடும். இரும்பினும் கடிய கல்லில் துளை எவ்வாறு வந்தது என்னும் வினாவைக் கேட்கத் தொடங்கினால், அது நூறாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டுவரும் எகிப்தியக் கற்கலங்களிடம் போகாமல் தீராது.

நிற்கும் கலம், சுழலும் கருவி

சக்காராவில் மன்னன் சோசரின் படிக்கட்டுப் பிரமிடின் அடியிலுள்ள சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 கற்கலங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றில் சோசருக்கு முந்திய மன்னர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சுண்ணக்கல், வெண்பளிங்கு போன்ற மென்கற்களோடு கருங்கல் வகைகளும் அங்குக் கலமாயின. இரும்புக் கருவி வழக்கிற்கு வராத காலம் அது. கைவசம் இருந்த உலோகம் செம்பு. செம்பு கருங்கல்லை வெட்டாது.

விடை கல்லறைச் சுவர்களிலேயே வரையப்பட்டிருக்கிறது. சக்காராவின் மெரெருகா கல்லறையிலும், அதற்குப் பல நூற்றாண்டு பிந்திய தீப்சு நகரின் ரெக்மிரே கல்லறையிலும் கலம் குடைவோர் காட்டப்பட்டுள்ளனர். கலம் அசைவதில்லை. அதன் வாயினுள் ஒரு தண்டு இறங்குகிறது. தண்டின் மேற்பகுதியில் பாரக்கற்கள் கட்டப்பட்டுள்ளன. கைவினைஞர் அதைப் பிடித்துத் திருகுகிறார். முதலில் கலத்தின் புறவடிவம் கொத்தியும் தேய்த்தும் ஆக்கப்படும். பின்னர்ச் செம்புக் குழல் ஒன்றை மணலோடு சுழற்றி உள்ளே வட்டப்பள்ளம் எடுப்பர். குழலின் நடுவே எஞ்சும் கல்தண்டை உடைத்து அகற்றுவர். அகன்ற வயிறும் குறுகிய வாயும் உடைய கலமாயின், கவைத்த தண்டின் முனையில் இடை சிறுத்த நீள்கல் ஒன்றைப் பொருத்தி உட்புறத்தைத் தேய்த்து விரிப்பர். வாயைவிட நீளமான அக்கல் செங்குத்தாக நுழைக்கப்பட்டு, உள்ளே சென்றபின் கிடையாகத் திருப்பப்படும். டெனிசு ஸ்டாக்ஸ் இக்கருவிகளைத் தாமே செய்து இயக்கிப் பார்த்துத் தம் முடிவுகளை 2003இல் நூலாக வெளியிட்டார். கல்லை அறுத்தது செம்பன்று, செம்பு சுமந்து சுழற்றிய மணல் என்பது அவ்வாய்வின் மையம். படிகக்கல் மணலின் கடினம் 7. அது கருங்கல்லைத் தேய்க்கும்.

இத்துளைக் கருவியின் உருவமே எகிப்திய எழுத்தில் ‘கைவினை’ என்னும் சொல்லைக் குறிக்கும் குறியாயிற்று. எல்லாத் தொழிலுக்கும் கற்கலம் குடையும் கருவி அடையாளமாக நின்றது. தமிழிலோ கல்லில் வேலை செய்பவர்க்குக் ‘கல்தச்சர்’ என மரத்தொழிலிலிருந்து பெயர் வந்தது. நாகரிக வேறுபாடு பேச இது போதாது. எனினும் கல்லின் வினைகளைத் தமிழில் தனியே எண்ணிப் பார்க்கும் பழக்கம் குன்றியமைக்கு இதுவும் ஒரு குறிப்பு எனலாம்.

‘கடைதல்’ என்னும் சிக்கல்

எகிப்தியக் கலத்தைச் ‘செதுக்கப்பட்டது’ என்பது வெளிப்படையான பிழை. செதுக்கல் உளியின் அடியால் சில்லு சில்லாகப் பெயர்ப்பது. குறுகிய வாய் வழியே கலத்தின் வயிற்றில் உளியை ஓங்க இயலாது. ‘கடையப்பட்டது’ என்பதில்தான் நுட்பமான சிக்கல் உள்ளது. இன்றைய வாசகர்க்குக் கடைதல் என்றால் கடைசல் பட்டறை. பொருள் சுழலும், கருவி நிற்கும். சேலம் வட்டார மாக்கல்லில் செய்யப்படும் கல்சட்டி இம்முறைக்கு உரியது. மாக்கல் நகத்தால் கீறத்தக்க மென்மையுடையது. அதை உளி கொண்டும் கடைசல் கொண்டும் சட்டியாக்கிவிடலாம். மணலும் குழலும் வேண்டா. ஆதலால் எகிப்தியக் கலத்துக்குத் தமிழகத்து இணையாகக் கல்சட்டியைக் காட்டுவது பொருந்தாது. இரண்டும் கல், இரண்டும் கலம் என்பதற்கு மேல் செய்வினையில் ஒற்றுமை இல்லை.

ஆனால் கடைதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மோர் கடையும்போது பானை நிற்கிறது, மத்துச் சுழல்கிறது. கயிற்றின் இரு முனைகளும் மாறி மாறி இழுக்கப்பட, வலமும் இடமுமாகச் சுழல்கிறது. தீக்கடைகோலிலும் கீழ்க்கட்டை அசையாது. எகிப்தியத் துளைக்கருவியைத் திருகி மீளத் திருகியே இயக்கினர் என ஸ்டாக்ஸ் கருதுகிறார். எனவே கடைதல் என்னும் சொல் தன்னளவில் தவறன்று. எந்தக் கடைதல் என்று சொல்லாமல் விடுவதே தவறு. மத்தின் கடைதலும் பட்டறையின் கடைதலும் சுழல்வது எது என்பதில் நேர்மாறானவை. அச்சொல்லை விளக்கமின்றி ஆளும் கட்டுரை தன்னை அறியாமலேயே எகிப்தியர் கையில் ஒரு கடைசல் பொறியைக் கொடுத்துவிடுகிறது. பண்டைய எகிப்தில் இன்று மறைந்துபோன இயந்திரங்கள் இருந்தன எனக் காணொளிகளில் பரப்பப்படும் கற்பனைகளுக்குத் தமிழில் இடம் கிடைப்பது இத்தகைய சொல்நெகிழ்ச்சியாலும்தான்.

கல்லினுள் கல் சுழல்வதை அறியச் சக்காரா வரை போக வேண்டுவதில்லை. வீட்டு ஆட்டுக்கல்லும் ஒரு கற்கலமே. அதன் குழி உளியால் கொத்தப்படுகிறது. குழவி அதனுள் சுழல்கிறது. புதிய ஆட்டுக்கல்லில் முதலில் அரைத்ததைக் கொட்டிவிடுவது வீட்டு வழக்கம். அதில் கல்தூள் கலந்திருக்கும். ஆண்டுகள் செல்லக் குழி வழவழப்பாகிறது. மீண்டும் கொத்த ஆள் தேட வேண்டியதாகிறது. கொத்துதல், தேய்தல் என்னும் இருவினைகளின் தடங்களும் ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அகழாய்வில் கிடைக்கும் அரைகல்லுக்கும் இது பொருந்தும். செய்த தடம் எது, பயன்பட்ட தடம் எது எனப் பிரித்தெழுதிய தமிழ்க் கட்டுரைகள் அரியன.

துளை என்னும் சான்று

எகிப்தியத் துளைகளைப் பற்றிய விவாதம் பெட்ரி 1883இல் வெளியிட்ட கீசா ஆய்வு நூலிலிருந்து தொடங்குகிறது. கருங்கல் துளைத்தண்டுகளில் கண்ட வரிகளைக் கொண்டு, கருவியின் முனையில் மணிக்கற்கள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும் எனப் பெட்ரி கருதினார். தளர்ந்த மணலே போதும் என்றனர் பிறர். 1983இல் இவ்விவாதத்துள் நுழைந்தவர்கள் கோரெலிக், க்வின்னட் என்னும் பல்மருத்துவத் துறையினர் இருவர். பல்லுக்கு அச்செடுக்கும் சிலிக்கோன் பசையால் துளைகளின் உட்புறத்தை அச்செடுத்து மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அத்தகைய வரிகளை உண்டாக்க மணலைவிடக் கடினமான குருந்தத்தூள் போன்ற ஒன்று தேவை என்னும் பக்கம் அவர்கள் சாய்ந்தனர். ஸ்டாக்ஸ் இதை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் அக்கனிமத்தின் பெயராயிற்று. அரக்கோடு குருந்தத்தூள் சேர்த்துச் சாணை செய்த நாட்டில், தேய்ப்புத்தூளைப் பற்றிய ஆய்வு இல்லாதிருப்பது வியப்பே.

அவ்விருவரே பின்னர் இலங்கையின் மாந்தையில் கிடைத்த மணிகளையும் அம்முறையில் ஆராய்ந்து வைரமுனைத் துரப்பணத்தின் தடத்தைக் கண்டனர். சூதுபவளத்தின் கடினமும் மணலின் கடினமும் ஏறக்குறைய ஒன்றே. எகிப்தியர் மணல் இங்கு எளிதில் செல்லுபடியாகாது. எகிப்தியக் கலத்துக்கு உண்மையான தமிழக இணை இங்கேதான் உள்ளது. அது சட்டியன்று, விரல்நுனியளவு மணி. பொருள் நிற்க, கருவி சுழன்று, தன்னினும் கடிய ஒன்றைச் சுமந்து கல்லினுள் இறங்கும் வினை இரண்டுக்கும் பொது.

1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலரின் கவனம் காலக்கணிப்புக்கு உதவும் இறக்குமதிக் கலங்கள்மீது குவிந்தது. அங்கு மணி செய்யப்பட்ட முறையைப் பீட்டர் பிரான்சிஸ் 1991இல் தனிக் கட்டுரையாக்கினார். முடிந்த மணிகளோடு முடியாதவையும் உடைந்தவையும் கழிவுகளும் அவருக்குச் சான்றாயின. கொடுமணலில் கா. ராஜன் வெளிக்கொணர்ந்த, பல்வேறு செய்நிலைகளில் நின்றுபோன மணிகளும் இத்தகைய சான்றுகளே. ஆனால் இவ்விடங்களைப் பற்றிப் பின்வந்த தமிழ்க் கட்டுரைகள் பல, வணிகத்தின் பெருமைக்கு மணியைச் சான்றாக்கிவிட்டுப் பட்டறைக்குள் நுழையாமலே திரும்பிவிடுகின்றன.

அவ்வணிகப் பெருமை ஒரு காலப்பிழைக்கும் இடந்தருகிறது. எகிப்தின் குசீர் அல்-கதிமில் ‘பானை ஒறி’ எனத் தமிழ்ப் பிராமியில் எழுதப்பெற்ற ஓடு கிடைத்தது உண்மை. அது உரோமானியர் காலத்தது. சோசரின் கலங்களுக்கு ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டுப் பிந்தியது. அதைக் கொண்டு கல் குடையும் கலையை ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்ததாக எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. ஒரே இடர்ப்பாட்டுக்கு இரு நிலத்தார் தத்தம் கையிலிருந்த பொருளால் தனித்தனியே விடை கண்டனர் எனக் கொள்வதற்கே சான்று இடந்தருகிறது. அதனால் இருவர் பெருமையும் குறையாது.

இனி எழுதப்படும் கட்டுரைகளில் புறத்தை உருவாக்கியதைக் கொத்துதல், தேய்த்தல் என்றும், குழலால் உள்ளிறங்கியதைத் துளைத்தல் என்றும், துளையை உள்ளே விரித்ததைக் குடைதல் என்றும் பிரித்தாளலாம். பொருளே சுழன்ற இடத்தில் மட்டும் கடைசல் என்னலாம். சொற்கள் புதியன அல்ல. மணியைப் பொறுத்தவரை துளையின் விட்டம், இருபுறமிருந்தும் துளைக்கப்பட்டதா, நடுவில் இரு துளைகளும் எவ்வளவு விலகிச் சந்தித்தன, உட்சுவரில் வரிகள் உளவா என்பன அளந்து எழுதத்தக்கவை. காட்சிப் பேழைகளில் கல்மணிகள் பெரும்பாலும் மாலையாகக் கோக்கப்பட்டே வைக்கப்படுகின்றன. அவற்றின் துளைகளை அச்செடுப்பதற்கு முன் அந்த நூலை அவிழ்க்க வேண்டும்.