வளைந்து வரும் மரியாதை

முன்பின் பழகாத இரண்டு நாய்கள் எதிரெதிரே வந்து கடந்துபோகும் அந்த அரை நிமிடத்துக்கு ஈடாக நான் ரசிக்கும் காட்சிகள் அதிகமில்லை. நாஞ்சில் நாட்டில் அதற்குக் குளத்தங்கரைதான் அரங்கு. பறக்கையோ தேரூரோ சுசீந்திரமோ, கரைமேல் ஒடுங்கிய தடம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். ஒதுங்க இடம் குறைவு. அதனால் நாய்கள் தங்கள் மரியாதை முழுவதையும் காட்டித்தான் ஒன்றையொன்று தாண்டியாக வேண்டும்.

எட்டு மாதக் குட்டி ஒன்று வாரை இழுத்துக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். எதிரே, அந்தக் கரையிலேயே பிறந்து மூத்த நாட்டுநாய். கிழவன் நேராக வருவதில்லை. தடத்தைவிட்டு இறங்கி, புல்லோரமாக வளைந்து வருகிறான். பாதியில் நின்று, அங்கே ஒன்றுமில்லாவிட்டாலும் தரையை மோந்து பார்க்கிறான். முகத்தை வயல் பக்கம் திருப்புகிறான். நாக்கு வெளியே வந்து மூக்கை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போகிறது. நான் சண்டைக்கு வரவில்லை, நீயும் பைய வா என்பதுதான் இத்தனைக்கும் பொருள். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் இந்தச் சிறு செய்கைகளைத் தணிக்கும் சைகைகள் என்று தொகுத்து உலகுக்குச் சொன்னார்.

குட்டிக்கு இதில் பாதி விளங்கவில்லை. நேரே பாய்கிறது. கிழவன் அசையாமல் நிற்கிறான். திறந்திருந்த வாய் மூடிவிட்டது, உடம்பின் கனம் முன்கால்களுக்கு வந்துவிட்டது, பார்வை குட்டிமேல் நிலைத்துவிட்டது. பிறகு மேலுதடு ஒரு ஓரத்தில் மட்டும் சுருங்குகிறது. குட்டி சட்டென்று காதுகளைப் பின்னுக்கு மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் குழைகிறது. உடனே கிழவன் உடம்பை ஓர் உதறு உதறிவிட்டுத் தன் வழியில் போகிறான். கடி இல்லை, குரைப்பு இல்லை. இவ்வளவு சிக்கனமாகக் கண்டிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் மனிதரில் அபூர்வம்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி ஆடுவார்கள். பழகாத கண்ணுக்கு அங்கே உடையும் கிரீடமும் செண்டை முழக்கமும்தான் தெரியும். ரசிகர் ஒரு புருவத் துடிப்பில் கதை நகர்வதைப் பார்த்துவிடுவார். நாயிடமும் குரைப்பும் கடியும்தான் செண்டை. முகம் திருப்பல், தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, கடைக்கண்ணில் பிறையாகத் தெரியும் வெண்விழி, தூக்கிய ஒற்றை முன்கால் எல்லாம் புருவம். "பட்டி சும்மா இருந்த பிள்ளையக் கடிச்சிட்டு" என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த நாய் அதற்குமுன் பலமுறை சொல்லியிருக்கும். யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பார்த்தவர்களில் டார்வின் முக்கியமானவர். உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி 1872-இல் அவர் வெளியிட்ட நூலில், பகையோடு நெருங்கும் நாயின் படமும் அன்பில் குழையும் நாயின் படமும் உண்டு. முன்னதில் நிமிர்ந்த தலை, விறைத்த வால், சிலிர்த்த மயிர். பின்னதில் ஒவ்வொன்றும் நேர் எதிர். எதிர் உணர்ச்சிக்கு எதிர்த் தோற்றம் என்ற அந்தக் கோட்பாட்டைவிட எனக்குப் பிடித்தது அவர் வீட்டு நாயின் கதை. உலாவப் போகிறோம் என்று துள்ளி நடக்கும் நாய், அவர் செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டுப் பக்கம் திரும்பினால் போதும், தலை, காது, வால் எல்லாம் தொங்கிப்போய் நின்றுவிடுமாம். வீட்டில் அந்த முகத்துக்குத் தனிப்பெயரே வைத்திருந்தார்கள்.

வால் ஆடினால் சிநேகம் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு விறைப்பாக ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதிலும் விஷயம் உண்டு. உரிமையாளரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் வீசுகிறது என்று 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நாட்டுநாயின் வால் இயல்பிலேயே முதுகின்மேல் சுருண்டது, ராஜபாளையத்தின் வால் தாழ்ந்தது. ஆகவே ஒவ்வொரு நாயையும் அது நிம்மதியாக இருக்கும் நேரத்தில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அழகுக்காக டாபர்மன் குட்டியின் வாலை நறுக்குகிறவர்கள் அதன் பேச்சில் பாதியை நறுக்குகிறார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இளநாயின் குறும்பு என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி இப்படிப் படிக்கப்படாத பேச்சுதான். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பால்பற்கள் 28-ம் விழுந்து 42 பற்கள் முளைக்கும் காலம். செருப்பைக் கடிக்காமல் என்ன செய்யும்? மேலே தாவுவது நம் முகத்தை எட்டத்தான். குட்டிகள் தாயின் வாயை நக்கி இரை கேட்கும் பழக்கம் அது. நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சினால் தாவல் தானாகக் குறையும். விருந்துக்கு வந்த மாமா நேருக்குநேர் குனிந்து தலையைத் தட்டுகிறார். குட்டி தலையை உள்ளிழுத்து உதட்டை நக்குகிறது, பிறகு உறுமுகிறது. வீட்டுக்காரர் ஓங்கி ஒரு அடி வைக்கிறார். அடியால் பயம் போகாது, முன்னறிவிப்பு மட்டும் போய்விடும். அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். மாமாவைப் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்லி, குட்டி தானாக வரும்வரை காத்திருந்து, நெஞ்சுப் பகுதியைத் தடவச் சொன்னால் போதும்.

கோயில் கொடை நாளில் வெடி தொடங்குமுன்பே வெயிலில்லாமல் மூச்சிரைப்பு, வயிற்றுக்கடியில் போன வால், ஓரிடத்தில் நில்லாத நடை ஆகியவற்றைக் கண்டால் குட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கூட இருக்க வேண்டும். பழகட்டும் என்று முற்றத்தில் கட்டிப்போடுவது கொடுமை. உலகத்தின் ஓசைகள் எளிதில் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைதான்.

நாம் அவற்றைப் படிக்காவிட்டாலும் அவை நம்மைப் படிக்கின்றன. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியே இல்லாத தெருநாய்களுக்கு முன் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றை விரலால் சுட்டினார்கள். அருகில் வரத் துணிந்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் சுட்டிய திசைக்கே போயின. ராஜபாளையத்தின் வெள்ளைக் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. கையைப் படிக்கும் இந்தத் திறன் இருப்பதால் அவற்றைக் கைச்சைகையாலேயே வளர்த்துவிடலாம்.

ஆகவே குளத்தங்கரையில் கிழவன் எதிர்ப்பட்டால் வாரை இறுக்காதீர்கள். வாரில் இருக்கும் குட்டியால் வளைய முடியாது. அதற்காக நீங்கள் வளையுங்கள். சரிவில் இரண்டடி இறங்கி, வாரைத் தளர்த்தி, வயலைப் பார்த்தபடி நடங்கள். கிழவனுக்கு அது புரியும். சங்குத்துறைக் கடற்கரை மணலில் அவிழ்த்துவிட்டால் குட்டி முன்னங்கால்களை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி இன்னொரு குட்டியை அழைப்பதைக் காணலாம். கொஞ்சம் பலமாகக் கடித்துவிட்டாலும் மறுபடி அதே வணக்கம் வைக்கும். விளையாட்டுத்தான், கோபித்துக்கொள்ளாதே என்று. அந்த வணக்கம் வந்துகொண்டிருக்கும்வரை நடுவில் புகுந்து பிரிக்க வேண்டாம்.